கேடயத் துணைச் சுரப்பியும் அதன் இரு தொழில்களும்

மக்கள் யாக்கையினுள்ளே உருவிற் சிறியனவாயினும் செயலிற் பெரியனவாய் விளங்கும் உறுப்புக்கள் சில உள. அவற்றுள் ஒன்றனைப் பற்றி ஈண்டு எழுதப் புகுகின்றேன். கழுத்தின் முன்புறத்தே, குரல்வளையை அடுத்துக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போலத் தைராய்டு என்னும் சுரப்பி அமைந்துள்ளது. அதன் பின்புறத்தே, பக்கத்துக்கு இரண்டாக, மஞ்சள் கலந்த பழுப்பு நிறமுள்ள நான்கு சிறு மணிகள் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு துவரம்பருப்பின் அளவினது. நான்கையும் ஒருங்கே நிறுப்பினும் கிராமின் ஐந்தில் ஒரு பங்கினை எட்டுதல் அரிது. இவற்றை முற்ற அகற்றிவிட்டாலோ, சின்னாட்களில் விரல்கள் மடங்கி இசிவு கண்டு, தொண்டை இறுகி, உயிர்க்கே இறுதி நேரலாம். இவற்றுள் ஒன்று அளவிறந்து பெருத்துவிட்டாலோ, எலும்பு நலியும். சிறுநீரகத்திற் கல் விளையும். கழுத்தில் இருக்கும் பருப்பொன்று தொடையெலும்பையும் முதுகின் இருமருங்கும் உள்ள சிறுநீரகங்களையும் எவ்வாறு ஆளுகின்றது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா.

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வோர்க்கு இப்பொருளில் யாது உரிமை என விஞ்ஞான வகுப்பு நண்பர் சிலர் நகைக்கக்கூடும். உரிமை சொல்லிலேயே தொடங்குகின்றது. தைராய்டு என்பது கேடயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. 'பாரா' என்னும் முன்னொட்டுக்குப் 'பக்கத்தே' என்பது பொருள். ஆகவே 'பாராதைராய்டு' என்பதனைக் கேடயத் துணைச் சுரப்பி என வழங்கலாம். இப்பெயரில் ஒரு குறையும் உண்டு. துணை என்றதும், கேடயச் சுரப்பிக்கு ஏவல் செய்வது போலும் என்று மயங்க இடமாகும். இரண்டும் அண்டை வீட்டாரேயன்றி ஒரு குடும்பத்தாரல்லர். தைராய்டு உடலின் வெப்பத்தையும் வளர்ச்சியையும் பேணுவது. துணைச் சுரப்பியின் கருத்தெல்லாம் சுண்ணச்சத்தாகிய கால்சியத்தின் மேலது. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர் 1873-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார். மனிதவுடலில் இச்சுரப்பி உள்ளதென்பது வெளியானது அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே. ஆதலின், கலைச்சொல் ஆக்குவதில் முன்னோடியாகிய அவர் கையால் இதற்கு ஒரு பெயர் பெறும் பேறு தமிழுக்கு வாய்த்திலது.

இச்சுரப்பிகள் குருதியிற் கலக்கவிடும் பொருளை ஹார்மோன் என்பர். 1905-ஆம் ஆண்டில் ஸ்டார்லிங் என்னும் ஆங்கில உடலியல் அறிஞர் வழங்கிய இச்சொல் 'தூண்டுதல்' என்னும் பொருளுள்ள கிரேக்க வினையடியாகப் பிறந்தது. அதனை இயக்குநீர் எனத் தமிழிற் கூறுப. நீர் என்றதனால் அது பெருகிப் பாய்வதென எண்ணற்க. துணைச் சுரப்பியின் இயக்குநீர், இயல்பான உடம்பில், குருதியின் ஒரு மில்லிலிட்டருக்குக் கிராமின் இலட்சங்கோடியில் சில பத்துப் பங்கே காணப்படும். வெளிப்பட்ட சில நிமிடங்களிலேயே அது சிதைந்தும் போகும்.

1849-ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் விலங்குக் காட்சிசாலையிலே இந்தியக் காண்டாமிருகம் ஒன்று இறந்தது. அதனை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்டு ஓவன், தைராய்டின் அருகே மஞ்சள் நிறச் சிறு சுரப்பியொன்று இருத்தலைக் கண்டு குறித்து வைத்தார். அக்குறிப்பினை அந்நாளில் எவரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் 1877-இல் சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர் இவார் சாண்ட்ஸ்ட்ரோம் ஒரு நாயின் கழுத்தில் இதனைக் கண்டார். ஐம்பது மனிதவுடல்களில் தேடிக் கண்டு, 1880-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். மாணவர் ஒருவர் கண்டதாகலின் இவ்விதழ் படிப்போர்க்கு அச்செய்தி உவகை தரும். ஆயினும் அக்கட்டுரையையும் உலகம் அப்பொழுது மதித்ததில்லை. 1889-இல், முப்பத்தேழாம் வயதில், அவர் தம் கண்டுபிடிப்பின் பயன் அறியாமலே மறைந்தார். ஈராண்டு கழித்து, 1891-இல், பிரெஞ்சு அறிஞர் கிளே என்பார், தைராய்டு அறுவைக்குப் பின் சிலர்க்கு வரும் கொடிய இசிவு நோய் தைராய்டு நீங்கியதால் வந்ததன்று, அதனோடு இச்சிறு மணிகளும் நீங்கியதால் வந்தது என்று ஆய்ந்துரைத்தார். 1909-இல் அமெரிக்க நாட்டில் மக்கல்லமும் வோக்ட்லினும், அவ்வாறு இசிவுற்ற விலங்குகட்குக் கால்சியம் உப்பினை ஏற்றிய அளவிலே இசிவு தணிதலைக் காட்டினர். சுரப்பி காப்பது கால்சியத்தையே என்பது இதனாற் பெறப்பட்டது.

கால்சியத்துக்கு இத்துணைக் காவல் ஏன்? வளர்ந்த மனிதன் உடம்பில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கால்சியம் உண்டு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் உறைந்து கிடக்கின்றது. குருதிநீரிற் கரைந்து ஓடுவது அரைக் கிராமுக்கும் குறைவு. ஆயினும் அக்குறைந்த பகுதியின்மீதே உயிர் தங்கியிருக்கின்றது. நரம்பு செய்தி கொண்டு செல்வதும், தசை சுருங்கி விரிவதும், இதயம் துடிப்பதும், வெளிப்பட்ட குருதி உறைவதும் அதனாலாவன. குருதிநீரின் நூறு மில்லிலிட்டரில் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை என்னும் ஒடுங்கிய எல்லைக்குள் அது நிற்றல் வேண்டும். மிகத் தாழ்ந்தால் இசிவு. மிக உயர்ந்தால் சோர்வு, வாந்தி, மயக்கம். நாம் ஒருநாள் பாலும் கேழ்வரகும் உண்டு, மறுநாள் பட்டினி கிடப்பினும் இவ்வளவு மாறுவதில்லை. துணைச் சுரப்பியின் உயிரணுக்களின் புறத்தே கால்சியத்தை உணரும் ஒரு புரதம் உண்டென்பதும், கால்சியம் சற்றே குறைந்ததும் அது சுரப்பியைத் திறந்துவிடுகின்றதென்பதும் 1993-இல் தெளிவாயின. குறையை உணர்வது எளிது. நிறைப்பது எங்ஙனம் என்பதிலேதான் அறிஞர் நெடுங்காலம் மாறுபட்டனர்.

அம்மாறுபாட்டைச் சொல்லுமுன் நோயாளர் இருவர் வரலாற்றைச் சொல்லவேண்டும். முதலாமவர் வியன்னா நகரத்து டிராம் வண்டி நடத்துநர். அவர் எலும்புகள் மென்மையுற்று, குழிபட்டு, சிறிய அதிர்ச்சிக்கும் முறிந்தன. இத்தகைய நோயாளரின் துணைச் சுரப்பி பெருத்திருத்தலை அந்நகரத்து எர்டைம் என்பார் முன்னரே பிணச்சோதனையிற் கண்டிருந்தார். எலும்பு நோயுற்றமையால் அதனைக் காக்கவே சுரப்பி பெருத்து உழைக்கின்றது என்பது அவர் துணிபு. அதனை ஏற்ற பீலிக்ஸ் மாண்டில் என்னும் அறுவை மருத்துவர், நோயாளிக்குத் துணைச் சுரப்பியின் சாற்றைத் தந்தார். பிறர் சுரப்பியை ஒட்டவைத்தும் பார்த்தார். பயனில்லை. அதன் பின்னர் 1925-இல், முற்றும் மறுதலையாக, பெருத்த சுரப்பியைத் தேடி வெட்டி எடுத்தார். சிறுநீர் வழியே கால்சியம் ஒழுகுதல் குறைந்தது. எலும்பு வலி தணிந்தது. நோயாளி எழுந்து நடந்தார். சில ஆண்டுகளில் நோய் மீண்டதாயினும், எது காரணம் எது காரியம் என்பது அன்றே தீர்ந்தது. காவலன் என்று கருதப்பட்டவனே கருவூலத்தைக் காலி செய்தவன் என்பது வெளியாயிற்று.

இரண்டாமவர் அமெரிக்க வணிகக் கப்பல் தலைவர் சார்லஸ் மார்ட்டெல். ஆறடிக்கு மேல் உயர்ந்து நின்ற அவ்விளைஞருக்கு 1918 முதற்கொண்டு எலும்பு வலியும் முறிவும் தோன்றின. முதுகெலும்பு அமுங்கி அமுங்கி, சில ஆண்டுகளில் அவர் உயரம் ஏறத்தாழ ஏழு அங்குலம் குறைந்தது. சிறுநீரிற் சுண்ண மணல் இறங்கிற்று. சிறுநீரகத்திற் கல் விளைந்தது. 1926-இல் நியூயார்க்கு மருத்துவர் டுபாய்சு, துணைச் சுரப்பி மிகச் சுரப்பதே இதற்குக் காரணம் எனக் கூறினார். பாஸ்டன் நகரத்து மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கழுத்தைத் திறந்து பார்த்தனர். பெருத்த சுரப்பி அகப்படவில்லை. இவ்வாறு ஆறு அறுவைகள் வீணாயின. மார்ட்டெல் படுக்கையிற் கிடந்தபடியே உடற்கூற்று நூல்களைக் கற்றார் என்றும், கழுத்தில் இல்லையேல் மார்பினுட் பாருங்கள் எனத் தாமே வற்புறுத்தினார் என்றும் கூறுவர். கருவிலே துணைச் சுரப்பிகள் சில இடம்பெயர்ந்து மார்பில் இறங்கிவிடுதல் உண்டு. 1932-இல் ஏழாம் அறுவையில், சர்ச்சிலும் கோப்பும் மார்பெலும்பின் பின்னே அதனைக் கண்டு எடுத்தனர். தம் உடலைத் தாமே பாடநூலாகக் கொண்டு படித்த இவரை யான் பெரிதும் மதிக்கின்றேன். ஆயினும் அவர் பிழைத்திலர். சில வாரங்களில், கல்லடைப்புக்காகச் செய்த மற்றோர் அறுவையின் பின், குரல்வளை இசிந்து இறந்தார். அவர் எலும்பு ஏன் தேய்ந்தது, கல் ஏன் விளைந்தது, கட்டியை எடுத்த பின்னும் இசிவு ஏன் வந்தது என்னும் மூன்றுக்கும் விடை கூறினால் இவ்வியக்குநீரின் தொழிலனைத்தும் கூறியதாகும்.

இனி மாறுபாட்டுக்கு வருவோம். மார்ட்டெலின் மருத்துவருள் ஒருவராகிய புல்லர் ஆல்பிரைட் நுண்ணிய அறிவினர். 1925-இல் கனடா நாட்டுக் காலிப்பு என்பார் மாட்டுச் சுரப்பியிலிருந்து வடித்த சாற்றினை ஒரு நோயாளிக்கு ஏற்றி, எது முதலில் நிகழ்கின்றது என்று ஆல்பிரைட் மணிக்கணக்கிற் பார்த்து வந்தார். முதலில் சிறுநீரிலே பாஸ்பேட் மிகுந்தது. அடுத்துக் குருதியிலே பாஸ்பேட் குறைந்தது. அதன் பின்னரே குருதிக் கால்சியம் ஏறிற்று. ஆகவே இயக்குநீர் தொடுவது சிறுநீரகத்தையே என அவர் 1929-இற் கருதினார். பாஸ்பேட் வெளியேறிக் குருதி அதன் குறையுடையதாகவே, அக்குறையை நிரப்ப எலும்பு தானே கரைகின்றது என்பது அவர் கொள்கை. மற்றொரு சாரார், இயக்குநீர் எலும்பையே நேராகத் தாக்குகின்றது, சிறுநீரகத்தில் நிகழ்வது பின்விளைவு என்றனர்.

எலும்புக் கட்சியார்க்கு வலுவான சான்றுகள் கிடைத்தன. சிறுநீரகங்களை அகற்றிய விலங்கிலும் அச்சாறு எலும்பை அரிக்கக் கண்டனர். 1948-இல் பார்னிகாட் என்பார் செய்த சோதனை என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது. எலியின் துணைச் சுரப்பித் துணுக்கினையும் மண்டையோட்டுத் துண்டினையும் ஒன்றோடொன்று ஒட்டி, மற்றோர் எலியின் மூளையினுள் பதித்து வைத்தார். சில நாட்களில் எடுத்துப் பார்க்க, சுரப்பி தொட்டிருந்த பக்கத்து எலும்பு மாத்திரம் அரிக்கப்பட்டிருந்தது. சுரப்பியும் எலும்பும் அருகருகே இருக்க, இடையே சிறுநீரகம் புகுதற்கு இடமேது? ஆயினும் சிறுநீரகக் கட்சியார் தோற்றாரல்லர். நாயின் ஒரு பக்கத்துச் சிறுநீரகத் தமனியில் மாத்திரம் இயக்குநீரைச் செலுத்த, அப்பக்கத்துச் சிறுநீரில் முதலில் பாஸ்பேட் மிகுதலை 1960-களிற் காட்டினர். இரு கட்சியாரும் தத்தம் துணிபில் மெய்யே கூறினர். எதிர்க்கட்சியாரை மறுத்ததிலேதான் இடறினர்.

எலும்பிலே நிகழ்வதை முதற்கண் காண்போம். எலும்பு செத்த கல்லன்று. அதனுள் எலும்பாக்கும் உயிரணுக்களும் எலும்பரிக்கும் உயிரணுக்களும் ஓயாது தொழில் செய்கின்றன. இயக்குநீர் எலும்பைக் கரைப்பதாயின், அரிக்கும் அணுக்களுக்கே அதன் ஆணை செல்லும் என்று எவரும் எண்ணுவர். அவ்வாறன்று. இயக்குநீரைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகள் இருப்பது ஆக்கும் அணுக்களிலும், அவை முதிர்ந்து எலும்பினுள்ளே புதைந்த அணுக்களிலுமே. ஆணையைப் பெற்ற இவை, ராங்க்எல் என்னும் புரதத்தை மிகுவித்து, அதனைத் தடுக்கும் மற்றொரு புரதத்தைக் குறைக்கின்றன. ராங்க்எல் பட்டதும் குருதி வழிவந்த இளவணுக்கள் பல ஒன்றுகூடி எலும்பரிக்கும் பேரணுக்களாகின்றன. அவை எலும்பின்மீது படிந்து, அமிலம் சுரந்து, சுண்ணப் பகுதியைக் கரைத்துக் குருதியில் விடுகின்றன. வீடு கட்டும் கொத்தனாரிடமே ஓலை கொடுத்து, இடிப்போரை அழைத்துவரச் செய்வது போன்ற ஏற்பாடு இது. இதன் பொருள் பின்னர் விளங்கும்.

எலும்பினின்று வரும் கால்சியம் தனித்து வருவதில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். எலும்பின் உப்பு, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒன்று. பத்துக் கால்சியத்துக்கு ஆறு பாஸ்பேட் என்பது அதன் அளவு. எலும்பு கரையுந்தோறும் வேண்டிய கால்சியத்தோடு வேண்டாத பாஸ்பேட்டும் குருதியிற் புகும். பாஸ்பேட் மிகுந்த குருதியிற் கால்சியம் கரைந்து நிற்றல் அரிது. இரண்டும் மீளக் கூடிப் படிந்துவிடும். ஆகவே எலும்பை மாத்திரம் திறந்துவிடுதல், ஒரு கையால் அள்ளி மறுகையால் கொட்டுதலாய் முடியும்.

இவ்விடத்தேதான் சிறுநீரகத்தின் தொழில் வேண்டப்படுகின்றது. சிறுநீரகங்கள் இரண்டும் நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவு நீரைக் குருதியினின்று வடித்து, அதில் ஒன்றரை லிட்டர் போக எஞ்சியதை மீட்டுக்கொள்கின்றன. வடிநீரோடு ஏறத்தாழ 10 கிராம் கால்சியம் போகின்றது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு மீட்கப்படுகின்றது. வடிநீர் ஓடும் நுண்குழாயின் தொடக்கத்தில், பாஸ்பேட்டை மீட்கும் வாயிற்புரதங்கள் குழாயின் உட்சுவரில் வரிசையாக நிற்கின்றன. துணைச் சுரப்பியின் இயக்குநீர் வந்ததும் அவ்வாயில்கள் சுவரினின்று உயிரணுவினுள் இழுத்துக்கொள்ளப்படும். மீட்பாரின்றிப் பாஸ்பேட் சிறுநீரோடு போய்விடும். அதே குழாயின் கடைப்பகுதியிலோ, அதே இயக்குநீர் கால்சியத்தை மீட்கும் வாயில்களைத் தொழிற்படுத்துகின்றது. ஒரே குழாயின் முற்பகுதியில் 'விடு' என்றும் பிற்பகுதியில் 'விடாதே' என்றும் ஒரு தூதே இருமொழி பகர்வது வியப்புக்குரியது. வியப்பின் காரணம் தூதில் இல்லை. ஓலையை வாங்கும் உயிரணு எத்தொழிலுக்கு அமைந்ததோ அத்தொழிலிலேயே ஆணை செல்லுகின்றது.

சிறுநீரகத்தில் மூன்றாவது தொழிலொன்றும் உண்டு. வெயில் பட்ட தோலில் உண்டாகும் டி வைட்டமின் அந்நிலையில் ஆற்றலற்றது. ஈரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் மற்றொரு மாற்றமும் அடைந்த பின்னரே அது வலிமை பெறும். அவ்விரண்டாம் மாற்றத்தை ஊக்குவிப்பது துணைச் சுரப்பியின் இயக்குநீரே. வலிமை பெற்ற வைட்டமின் குடலுக்குச் சென்று, உணவிலுள்ள கால்சியத்தை மிகுதியாக ஈர்க்கச் செய்கின்றது. சிறுநீரகக் குழாயின் வாயில்கள் நிமிடக் கணக்கில் மாறும். எலும்பரிக்கும் அணுக்கள் திரளவும் குடல் தன் ஈர்ப்பைப் பெருக்கவும் நாள்கள் ஆகும். ஆல்பிரைட் பாஸ்பேட்டை முதலிற் கண்டதும் இதனாலேயே. முன் நிகழ்ந்ததே பின் நிகழ்ந்ததற்குக் காரணம் என அவர் கொண்டார். உண்மையில் ஒரே தூது இரண்டிடத்தும் சென்றது, ஓரிடத்தார் விரைந்து செய்தனர், மற்றோரிடத்தார் தாமதித்துச் செய்தனர்.

மார்ட்டெலின் மூன்று வினாக்களுக்கு இப்பொழுது விடை கூறலாம். எலும்பு தேய்ந்தமை வெளிப்படை. கல் விளைந்தது ஏன்? இயக்குநீர் கால்சியத்தைச் சிறுநீரில் விடாது காப்பதாயின், மிகைச்சுரப்புடையார் சிறுநீரிற் கால்சியம் குறைந்தன்றோ இருக்கவேண்டும் எனத் தடை நிகழலாம். நல்ல தடை. விடையாவது: எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் கால்சியம் இடைவிடாது குருதியில் இறங்க, வடிநீரிற் புகும் அளவே பெருகிவிடுகின்றது. மீட்கும் வாயில்கள் தம்மால் இயன்றமட்டும் மீட்டும், மிஞ்சியது பழைய அளவினும் பன்மடங்காகும். மடையை எவ்வளவு அடைத்தாலும் ஏரி கரைபுரளும்போது கலிங்கில் நீர் வழிவது இயல்பு. இனி, இசிவு வந்தது ஏன்? ஆண்டுக்கணக்காய்ச் சூறையாடப்பட்ட எலும்பு, சூறையாடுவோன் நீங்கியதும் குருதியிலுள்ள கால்சியத்தைப் பெரும்பசியோடு ஈர்த்துக்கொள்ளும். இன்றும் அறுவை மருத்துவர் இதனை எலும்பின் பசி என்றே வழங்குகின்றனர். கட்டியை எடுத்த பின் நாள்தோறும் குருதிக் கால்சியத்தை அளந்து, வேண்டியாங்கு ஊட்டுகின்றனர்.

எலும்பும் சிறுநீரகமும் ஒன்றையொன்று வேண்டிநிற்றலை ஓர் அரிய நோய் நன்கு காட்டுகின்றது. ஆல்பிரைட் 1942-இல் அதனை விளக்கினார். அந்நோயாளர்க்குக் கால்சியம் தாழ்ந்தும் பாஸ்பேட் உயர்ந்தும் இருக்கும். சுரப்பி இல்லாதார் போன்ற தோற்றம். ஆனால் சுரப்பி உண்டு, சாற்றை ஏற்றினும் பயனில்லை. குறை சுரப்பியிலன்று, ஆணையைக் கேளாத உறுப்பிலேயே என்று அவர் துணிந்தார். அதற்குச் செப்ரைட் என்னும் குள்ளச் சேவலை உவமை கூறினார். அச்சேவல் பேட்டின் இறகு பூண்டிருக்கும். ஆண்பால் இயக்குநீர் இருந்தும் தோல் அதனைக் கேட்பதில்லை என்பது அவர் எண்ணம். அச்சேவலின் தோல் ஆண்பால் இயக்குநீரைப் பெண்பால் இயக்குநீராக மாற்றிவிடுவதே காரணம் என்று பிற்காலத்தார் கண்டனர். உவமை பிழைத்தது, நோயைப் பற்றிய கருத்துப் பிழைக்கவில்லை. அந்நோயாளர் பலருக்குச் சிறுநீரகக் குழாயின் தொடக்கப் பகுதியே செவிடு; எலும்பு கேட்கின்றது. கால்சியத்தின் குறை கண்டு சுரப்பி ஓயாது கூவ, சிலர்க்கு எலும்பு அரிக்கப்படுவதும் உண்டு. ஆயினும் பாஸ்பேட் வெளியேறுவதில்லை, டி வைட்டமின் வலிமை பெறுவதில்லை. ஆதலின் குருதிக் கால்சியம் உயர்வதில்லை. எலும்பு தன்னைக் கொடுத்தும் பயனின்றிப் போதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அரிய நோயை விடுத்து, நம் ஊர்களிலும் பரவலாய்க் காணும் நிலையொன்றைக் கூறுவேன். நீரிழிவாலும் இரத்தக் கொதிப்பாலும் சிறுநீரகம் நலிந்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் இயந்திரத்தின் துணையால் குருதியைத் தூய்மை செய்துகொள்வோர் பலர். அவர்க்கு எலும்பு வலியும் முறிவும் நேர்வது ஏன் என்று உறவினர் திகைப்பர். நலிந்த சிறுநீரகம் பாஸ்பேட்டை வெளியேற்றமாட்டாது; டி வைட்டமினுக்கு வலிமை தரவும் மாட்டாது. கால்சியம் தாழ்கின்றது, சுரப்பி விழித்தெழுந்து இயக்குநீரைச் சொரிகின்றது. சிறுநீரகம் அதற்கு விடைகூறும் நிலையில் இல்லை. விடை கூறவல்லது எலும்பொன்றே. ஆதலின் ஆணையின் முழுச்சுமையும் எலும்பின் தலையில் விழுகின்றது. உணவோடு பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்ளும் மாத்திரைகளை மருத்துவர் கொடுப்பதும், வலிமை பெற்ற நிலையிலேயே டி வைட்டமினைத் தருவதும், சுரப்பியின் கால்சிய உணர்வைக் கூர்மையாக்கும் சினகால்செட் என்னும் மருந்தை 2004 முதல் வழங்குவதும் எலும்பைக் காத்தற்பொருட்டே. அம்மாத்திரைகளை உணவோடு விழுங்காமல் பின்னர் விழுங்கினால் பாஸ்பேட் முன்னரே உட்சென்றுவிடும் என்பதை வீட்டார் அறிந்திருத்தல் நலம்.

கொத்தனாரிடம் ஓலை கொடுத்த செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. 1932-இல் செல்யே என்பார், துணைச் சுரப்பிச் சாற்றை எலிகளுக்குச் சிறு அளவில் கொடுத்தபோது எலும்பு கரையாமல் வளர்ந்ததைக் கண்டார். எலும்பை அரிப்பது எனப் பேர்பெற்ற பொருள் எலும்பை வளர்ப்பதாவது எங்ஙனம் என்று பலரும் ஐயுற்று, நெடுங்காலம் அதனை ஒதுக்கி வைத்தனர். இயக்குநீர் 84 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரம் என்பதும், முதல் 34 மணிகளே அதன் தொழிலுக்குப் போதும் என்பதும் பின்னர்த் தெரிந்தன. அம்முப்பத்துநான்கு மணிச் சரத்தைச் செய்து டெரிபாரடைடு எனப் பெயரிட்டு, எலும்பு மெலிந்தார்க்கு மருந்தாக 2002-இல் அமெரிக்க நாட்டிலே ஒப்புதல் அளித்தனர். இயக்குநீர் பகலும் இரவும் நீங்காது நின்றால், ஆக்கும் அணுக்கள் அரிப்போரை அழைத்து, அழைப்புக்கு ஓய்வின்றி எலும்பு தேய்கின்றது. மார்ட்டெலுக்கு நேர்ந்தது அது. சிறுபொழுது தோன்றி மறைந்தாலோ, ஆக்கும் அணுக்கள் தாமே ஊக்கமுற்று எண்ணிக்கையில் பெருகித் தம் தொழிலைத் தொடங்குகின்றன. அரிப்போர் வந்து திரளுமுன் ஆணை தேய்ந்துவிடுகின்றது. ஆகவே நாளொன்றுக்கு ஒரு முறை, 20 மைக்ரோகிராம் அளவே, தொடையிலேனும் வயிற்றிலேனும் தோலின்கீழ் ஏற்றுகின்றனர். அது அரைமணி நேரத்தளவில் குருதியில் உச்சமுற்று, சில மணி நேரத்தில் நீங்கிவிடும். அந்நாளின் எஞ்சிய பொழுதெல்லாம் கொத்தனார்க்கு உரியது.